காத்திருப்பதற்குக் கட்டணம் இல்லை

பிரசவ வார்டு வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் குடும்பத்திடம் டியூட்டி டாக்டர் வந்து, "கொடி சுத்தியிருக்கு, தண்ணியும் கம்மியாயிட்டே வருது, குழந்தையோட ஹார்ட்பீட் கொஞ்சம் இறங்குது, இதுக்கு மேல ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்று சொன்னால், அங்கிருக்கும் யாராலும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்க முடியாது. உள்ளே இருப்பது மகளும் பேரப்பிள்ளையும். அந்த இடத்தில் துணிச்சல் காட்ட யாருக்கும் மனம் வராது. கணவன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். பெண்ணின் அம்மா குலசாமியை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிகிறாள். சற்று நேரத்தில் குழந்தையின் அழுகுரல் கேட்கிறது, எல்லோரும் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். சந்தேகம் வெகுகாலம் கழித்துத்தான் வருகிறது. ஏதோ ஒரு வளைகாப்பு வீட்டில், சாப்பாடு முடிந்து பெண்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி, "எனக்கும் கொடி சுத்தியிருக்குன்னுதான் சொன்னாங்க" என்கிறாள். இன்னொருத்தி "எனக்கும் அதேதான்" என்கிறாள். அதன்பின் சிறிது நேரம் யாரும் எதுவும் பேசுவதில்லை.

அந்த இரவில் டாக்டர் சொன்னது முழு உண்மையாக இருக்கலாம். குழந்தையின் இதயத் துடிப்பு உண்மையிலேயே தடுமாறியிருக்கலாம், பத்து நிமிடம் தாமதித்திருந்தால் அந்த வீட்டில் வேறு கதை நடந்திருக்கலாம். ஆனால் கழுத்தில் கொடி சுற்றியிருப்பது பிறக்கும் குழந்தைகளில் சர்வசாதாரணம் என்பதும், அது ஒன்றை மட்டும் வைத்து வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதும் மகப்பேறு மருத்துவம் சொல்லும் பாடம்தான். எது எந்த இரவு என்று பிரித்துச் சொல்ல அந்தக் குடும்பத்துக்கு வழியே கிடையாது. அன்றைக்கும் கிடையாது, ஆண்டுகள் கழித்தும் கிடையாது. ஆகவே சந்தேகம் தீர்க்கவும் முடியாமல், கைவிடவும் முடியாமல், தழும்போடு சேர்ந்து உடம்பிலேயே தங்கிவிடுகிறது.

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அகில இந்தியச் சராசரி 21.5. நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் அது 36, தனியார் மருத்துவமனைகளில் 63.8. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் மாநில அளவு 34.1ஆக இருந்தது. மக்கள்தொகை அளவில் பார்த்தால், சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டியபின் தாய்சேய் இறப்பு அதனால் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. இந்த எண்களை எடுத்துக்கொண்டு உடனே டாக்டர்களைத் திட்டத் தொடங்கிவிடுவது எளிது. ஆனால் காசு எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை என்பதற்கும் இதே எண்கள்தான் சாட்சி. அரசு மருத்துவமனையில் சிசேரியன் செய்தாலும் செய்யாவிட்டாலும் டாக்டரின் சம்பளம் ஒன்றுதான். அங்கேயும் மூன்றில் ஒன்றுக்கு மேல் இருக்கிறதே. சிக்கலான கேஸ்களைக் கடைசி நேரத்தில் அனுப்பிவைப்பது, ஒவ்வொரு தாய் மரணமும் தணிக்கைக்கு உள்ளாவதால் வரும் பயம், இரவில் ஆள் போதாமை, நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் என்று பல காரணங்கள் அதற்குள் இருக்கின்றன. இவை அத்தனையையும் கழித்துக்கொண்டாலும், 36க்கும் 63.8க்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே நிற்கிறது. தனியார் மருத்துவமனையைத் தேடிப் போகும் பெண்ணின் உடம்பு வேறு மாதிரி படைக்கப்படவில்லை.

இந்த இடைவெளிக்கு ஒரு கெட்ட மனிதரைத் தேட வேண்டிய அவசியம் இல்லை. தலைப்பிரசவ வலி பன்னிரண்டு மணி நேரம் நீடிக்கலாம், அதற்கு மேலும் போகலாம். அவ்வளவு நேரமும் ஒருவர் பக்கத்தில் இருந்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்து, துடிப்பைக் கேட்டு, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்று சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவருடைய ஓ.பி. நின்றுபோகிறது, அவருடைய தூக்கம் போகிறது, அவர் வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள்கூடப் போகிறது. கடைசியில் சுகப்பிரசவத்துக்குப் போடும் பில் சிறியது. சிசேரியன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளலாம், தியேட்டர் சார்ஜ், மயக்க மருந்து டாக்டரின் ஃபீஸ், கூடுதல் நாட்களுக்கு அறை வாடகை என்று பில்லும் பெரியது. காத்திருப்பதற்குக் கட்டணம் கிடையாது, கத்தியை எடுப்பதற்கு உண்டு என்று ஒரு ஏற்பாட்டை அமைத்துவிட்டு, அதற்குள் ஒரு நல்ல மனிதரை உட்காரவைத்தால், சந்தேகத்துக்கு இடமுள்ள ஒவ்வொரு இரவிலும் அவர் மனம் எந்தப் பக்கம் சாயும்? அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை. தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் நேரத்தில் ஒரு பக்கம் சற்றே கனமாகத் தெரியும், அவ்வளவுதான்.

மருத்துவத்தின் கடினமான வேலைகள் பலவும் இப்படிக் காத்திருப்பதிலும், கேட்பதிலும், வேண்டாம் என்று சொல்வதிலும்தான் இருக்கின்றன. தலைவலி என்று வந்தவரிடம் அரை மணி நேரம் பேசி, கண்ணையும் கழுத்தையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்து, மகள் கல்யாணக் கடன் வரை விசாரித்து, "ஸ்கேன் எதுவும் வேண்டாம், இரண்டு வாரம் பார்க்கலாம்" என்று சொல்லும் டாக்டருக்கு நாம் கொடுப்பது முந்நூறோ ஐந்நூறோ. அதையும் கூடுதல் என்று முணுமுணுக்கிறோம். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, மேசையில் இருக்கும் ஸ்கேன் சென்டர் பேடில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்தால், அந்தச் சென்டரில் சில ஆயிரங்களைத் தயங்காமல் கட்டுகிறோம். அந்தப் பேடை அச்சடித்துக் கொடுத்தது சென்டர்தான். ரிப்போர்ட்டின் மேல்மூலையில் அனுப்பியவர் பெயர் இருக்கும். மாதக் கடைசியில் சென்டரின் பி.ஆர்.ஓ. கிளினிக்குக்கு ஒரு கவருடன் வந்து போவார் என்பது ஊரில் பலருக்கும் தெரிந்த விஷயம். எல்லா டாக்டரும் அதை வாங்குவதில்லை; வாங்காதவர்களுக்கும் கவர் வரும், திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். நோயாளியை அனுப்பியதற்காகக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் தவறு என்று இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. விதி இல்லாததால் நடக்கும் காரியம் அல்ல இது.

அருண் காத்ரே, அபய் சுக்லா என்ற இரு மகாராஷ்டிர மருத்துவர்கள் நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த 78 மருத்துவர்களிடம் பேசி ஒரு நூலைக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலப் பதிப்பு 2016இல் வந்தது. கமிஷன் கொடுக்க மறுத்ததால் நோயாளிகள் வராமல் போனவர்கள், பெரிய மருத்துவமனையில் தன்னைப் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்ற விகிதத்தை நிர்வாகத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தவர்கள் என்று பலர் அதில் பேசுகிறார்கள். அந்த வாக்குமூலங்களைப் படிக்கையில் மனத்தைத் தொடுவது ஊழலின் அளவைவிட அவர்களுடைய தனிமைதான். நேர்மையாக இருக்க முடிவெடுத்த ஒரு டாக்டருக்கு அந்த நேர்மையைத் தன் நோயாளியிடம் நிரூபிக்க எந்த வழியும் இல்லை. கமிஷன் வாங்குகிறவர் எழுதும் சீட்டும் வாங்காதவர் எழுதும் சீட்டும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும்.

கொடுக்கிறவர்கள் தரப்பின் நியாயம் எப்படிப்பட்டது என்பதற்கு உதாரணமாக, சென்னையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவர்களுக்கு அன்பளிப்புக்காகச் செலவிட்ட தொகையைத் தொழில் செலவாகக் கணக்கில் காட்டி வருமான வரியில் கழித்துக்கொள்ள அந்நிறுவனம் கேட்டது. தங்கக் காசு, டி.வி., ஃப்ரிட்ஜ், லேப்டாப் என்று அந்த அன்பளிப்புகளின் வகை தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. அன்பளிப்பு வாங்கக் கூடாது என்ற விதி மருத்துவர்களுக்குத்தானே, மருந்து நிறுவனங்களை அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்பது நிறுவனத்தின் வாதம். 2022 பிப்ரவரி 22 அன்று நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. வாங்குவது குற்றமானால் கொடுப்பது மட்டும் எப்படி நியாயமான செலவாகும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். இந்த அன்பளிப்புகளின் விலை கடைசியில் மருந்தின் விலையில் ஏறி, அதை வாங்குகிறவர் தலையில்தான் விழுகிறது என்பதையும் நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். ஆக, வீட்டை அடகு வைத்து மருந்து வாங்குகிறவர்தான் தனக்கு எழுதப்பட்ட மருந்துக்காகப் போன அன்பளிப்புக்கும் காசு கட்டியிருக்கிறார். அதோடு அந்தச் செலவுக்கு வரிச்சலுகையும் கேட்கப்பட்டிருக்கிறது.

இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டின் கதையும் பலருக்கு நினைவிருக்கும். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. அதுவரை மருந்து பூசியது ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றுக்கொண்டிருந்தது. விலை எங்கே ஏறுகிறது என்று ஆணையம் ஆராய்ந்தபோது, செய்தவரைவிட, கொண்டுவந்து சேர்த்தவரைவிட, நோயாளியின் உடம்பில் வைத்த மருத்துவமனையின் பங்கே மிக அதிகமாக இருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரின் மகனிடம், "எந்த ஸ்டென்ட் வைக்கலாம், ஃபாரின் நல்லா இருக்கும்" என்று கேட்கப்பட்ட அத்தனை கேள்விகளையும் இந்த வெளிச்சத்தில் திரும்ப நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலையை வெட்டியாகிவிட்டது. ஸ்டென்ட் தேவையா என்ற கேள்விக்கு விலைக் கட்டுப்பாடு பதில் சொல்லாது.

தேவையா என்ற கேள்வி முற்றிலும் செத்துப்போன இடம் ஒன்றும் உண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டப் போகும் கூலிக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் ஒரு ஜோடியாகச் சேர்த்தே ஒப்பந்தத்துக்கு எடுக்கப்படுவார்கள். முன்பணம் வாங்கியாகிவிட்டது, ஒருவர் ஒரு நாள் வராவிட்டாலும் மேஸ்திரிக்கு அபராதம் கட்ட வேண்டும். மாதவிலக்கு நாட்களில் ஓய்வு கிடையாது, கரும்புக் காட்டில் கழிப்பறை கிடையாது, குளிக்கத் தண்ணீர் கிடையாது. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று தனியார் மருத்துவமனைக்குப் போகும் முப்பது வயதுப் பெண்ணிடம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, வைத்துக்கொண்டிருந்தால் கேன்சர் வரும் என்று சொல்லப்பட்டது. 2019இல் இது வெளியே வந்து அரசு குழு அமைத்து விசாரித்தபோது, கேட்கப்பட்ட எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைக்கு அறுவை சிகிச்சை லாபம். மேஸ்திரிக்கு நாள் தவறாத கூலியாள் லாபம். அந்தப் பெண்ணுக்கும்கூட, அபராதம் இல்லாத ஒரு பருவம் என்ற கணக்கில், அது லாபமாகத் தெரிந்திருக்கிறது. எல்லோருடைய கணக்கும் ஒரே திசையில் ஓடும்போது, நிறுத்திச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் டாக்டர். அந்த ஒருவர் அந்த வேலைக்காகவே சமூகத்தால் படிக்கவைக்கப்பட்டவர், மதிக்கப்பட்டவர். அவர் நிறுத்தவில்லை. இந்தச் செய்தியைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அயல் மாநிலத்துச் சங்கதியாகப் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. கட்டமைப்பு ஒன்றுதான், வறுமையின் அளவு மட்டும்தான் வேறு.

பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவம் ஏன் மற்றச் சந்தைகளைப் போல் இயங்க முடியாது என்று ஆராய்ந்தார். வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறோம் என்று தெரியாது. விற்கிறவர்தான் எது வேண்டும் என்று சொல்கிறவரும். ஆகவே அங்கே விற்கிறவர் தன் லாபத்தை முன்வைக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சந்தையே நிற்காது. நம்பிக்கை என்பது நோயாளி தரும் மரியாதை மட்டும் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதும், மறுபடி வரச் சொன்ன தேதியில் வருவதும், மறைக்காமல் குடிப்பழக்கத்தைச் சொல்வதும் அதன் மேல்தான் நடக்கின்றன. அது போய்விட்ட இடத்தில் நல்ல மருந்தும் பாதி வேலைதான் செய்யும்.

அந்த நம்பிக்கை போகும்போது கோபம் யார் மீது பாய்கிறது என்பதையும் பார்க்கிறோம். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனையில், புற்றுநோய் சிகிச்சை தரும் டாக்டர் ஒருவரை நோயாளியின் மகனே கத்தியால் குத்தினார். பெரும்பாலான நோயாளிகளுக்குப் பில் போடாத மருத்துவமனை அது. பல இடங்களில் சேர்ந்த ஐயமும் கோபமும் எங்கே கதவு திறந்திருக்கிறதோ அங்கே போய் இறங்குகின்றன. பெரிய தனியார் மருத்துவமனையில் காவலாளியைத் தாண்டிப் போக முடியாது. அரசு வார்டில் யாரும் நுழையலாம்.

இன்னொரு முரணும் நம்மிடம் உண்டு. எழுதுகிறவருக்கு எந்தக் கமிஷனும் வராத மருந்து நம் ஊரில் எங்கே கிடைக்கிறது என்றால், அரசு மருத்துவமனையில்தான். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பும் மருந்து அது. அந்த முறையைப் பல மாநிலங்கள் பின்பற்றின. ஆனால் "கவர்மெண்ட் மாத்திரை கேட்காது" என்பது நம் வீடுகளில் பொதுவான பேச்சு. அங்கே ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும், பிறந்த குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டுவதற்கும் காசு கேட்டுக் கசந்த அனுபவம் அந்த அவநம்பிக்கைக்குள் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் விலை கொடுத்தால்தான் கவனிப்பு என்ற எண்ணமும் அதே அளவுக்கு நமக்குள் ஊறியிருக்கிறது. ஊசி போடாமல் அனுப்பிய டாக்டரைவிட்டு ஊசி போடும் டாக்டரிடம் போகிறோம். "ஒண்ணும் இல்லை, தானா சரியாயிடும்" என்றவரை, சரியாகப் பார்க்கத் தெரியாதவர் என்று தெருவில் பேசுகிறோம். அவர் பேசிய பேச்சுக்குத்தான் பத்தாண்டுப் படிப்பு தேவைப்பட்டது என்பதை நாம் எண்ணுவதில்லை. டீம்டு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் கட்டிப் படித்து, மேற்படிப்புக்கு அதைவிட அதிகம் கட்டி, கடனோடு வெளியே வரும் ஓர் இளம் டாக்டர் இந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு எவ்வளவு நாள் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்?

காப்பீடு வந்தால் இது தீரும் என்று நம்பினோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை தரும் திட்டத்தால் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நம் ஒவ்வொருவர் தெருவிலும் இருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் காப்பீடும் செய்ததற்குத்தான் பணம் தருகிறது, அறுத்ததற்கு, வைத்ததற்கு, படுக்கவைத்ததற்கு. தனியார் மருத்துவமனை வரவேற்பறையில் என்ன செய்கிறது என்று கேட்பதற்கு முன்பே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் காய்ச்சலுக்கும் ஒரு நாள் அட்மிஷன் நியாயமாகிவிடுகிறது, நம் கைக்காசு போகவில்லை என்பதால் நாமும் தலையாட்டுகிறோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்குக் காலாகாலத்தில் மாத்திரை கிடைத்து, காலில் புண் வராமல் போனால், அந்த வராத புண்ணுக்கு எந்தக் காப்பீட்டிலும் கிளைம் கிடையாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அதைத்தான் வீட்டு வாசலில் செய்ய முயல்கிறது. அதற்காக வாசல்வாசலாக நடக்கும் பெண் ஊழியர்களுக்குக் கொடுக்கப்படுவது சொற்பத் தொகை.

வேறு விதமாகவும் ஏற்பாடு செய்யலாம் என்பதற்கு மதுரையே சாட்சி. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு கட்டுகிறவர்களிடம் வருவதை வைத்து, கட்ட முடியாதவர்களுக்கும் அதே சிகிச்சை. வெளிநாட்டு லென்ஸ் எட்டாத விலையில் இருந்ததால் 1992இல் தாங்களே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாட்டில் நாம் அதிகம் பேசாத அம்சம் ஒன்று உண்டு: டாக்டருக்கு மாதச் சம்பளம். எதிரே உட்கார்ந்திருப்பவர் காசு கட்டியவரா, இலவசப் பகுதியிலிருந்து வந்தவரா, அவருக்கு அறுவை சிகிச்சை தேவையா, கண்ணாடி போதுமா என்பது டாக்டரின் வருமானத்தை மாற்றுவதில்லை. வேலூர் சி.எம்.சி.யும் இதே முறையில்தான் நிற்கிறது. வட கிழக்கு மாநிலங்களிலிருந்து இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வேலூருக்கு வருகிறவர்கள் அங்கே இல்லாத கருவியைத் தேடியா வருகிறார்கள்? அங்கே வேண்டாம் என்றால் உண்மையிலேயே வேண்டாம் என்று நம்பலாம் என்பதற்காகத்தான் பெரும்பாலும் வருகிறார்கள்.

எல்லா மருத்துவமனையும் அரவிந்த் ஆகிவிடாது. ஆனால் நாம் கேட்கக்கூடியவை சில உண்டு, அவை பெரிய புரட்சியும் அல்ல. சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் டாக்டரின் கட்டணம் ஒன்றாக இருக்கட்டும். தியேட்டருக்கும் மருந்துக்கும் ஆனது தனியே வரட்டும். ஒவ்வொரு மருத்துவமனையும் தன் சிசேரியன் விகிதத்தை வரவேற்பறைப் பலகையில் எழுதிவைக்கட்டும். தனக்கு எங்கிருந்தெல்லாம் பணம் வருகிறது, இந்த ஸ்கேன் சென்டரில் தனக்குப் பங்கு உண்டா என்பதை டாக்டர் எழுத்தில் அறிவிக்கட்டும். மருந்து நிறுவனங்களின் செலவில் நடக்கும் மாநாடுகளுக்குப் போகக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிகளை, எதிர்ப்பு வந்ததும் அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தார்கள். அவற்றை மறுபடி எடுக்கச் சொல்லி நோயாளிகள் தரப்பிலிருந்து பெரிய குரல் எழவில்லை, ஏனென்றால் நோயாளிகளுக்கு என்று வலுவான சங்கம் இல்லை; நோயாளியாக இருக்கும்போது நம்மால் கூட்டம் போட முடியாது, குணமானதும் நாம் நோயாளி இல்லை. இந்தக் கோரிக்கைகளை உடம்பு நன்றாக இருக்கும் நாட்களிலேயே நாம் எழுதி, கையெழுத்திட்டு, சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.